நாற்பத்து மூன்றாம் பக்கம்

ஜூன் 3, திங்கள்

லாரி ஒருவழியாக வந்து சேர்ந்தது. காலையில் வரும் என்றார்கள், சாயங்காலம் வந்தது. வராந்தா முழுக்கப் பெட்டி. இறக்கிய ஆட்கள் "புஸ்தகமா, செங்கல்லா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். நியாயமான கேள்விதான்.

போன வருஷம் காலமான பேராசிரியர் திருவம்பலத்தின் சொந்த நூலகம் இது. மகள் எங்கள் அறக்கட்டளை நூலகத்துக்குத் தானமாகக் கொடுத்திருக்கிறார். செயலாளர் ரெங்கராஜு சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இதுக்குப் பட்டியல் போட்டு முடிச்சுடும்மா. அடுத்த மாசம் திறப்பு விழா. அன்னைக்கே உனக்கு ஆர்டர். ஆவணக் காப்பாளர், நிரந்தரம். இனிமே வருஷா வருஷம் என் ரூம் வாசல்ல வந்து நிக்க வேணாம்."

நின்றது போதாதா? பதினோரு மாத ஒப்பந்தம், ஒரு மாதம் வீட்டில் சும்மா, மறுபடி பதினோரு மாதம். கல்யாணத்துக்கு அப்புறம் அஞ்சல் வழியில் நூலகவியல் படித்தேன். பழைய தாள்களைப் பாதுகாக்கத் தனியாக ஒரு பட்டயமும் வாங்கினேன். நாற்பத்தாறு வயதில் இன்னும் நான் 'தற்காலிகம் மங்கையர்க்கரசி'. அரசாங்க வேலைக்கு வயசு தாண்டியாயிற்று. இதுவும் போனால் இன்னொரு நேர்காணலுக்குப் புடவை கட்ட என் உடம்பில் தெம்பு இல்லை.

வீட்டில் புதிதாக ஒரு தொகுப்பு வந்திருக்கிறது என்று மட்டும் சொன்னேன். யாருடையது என்று சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் கலியமூர்த்திக்குப் புத்தகப் பேச்சே ஆகாது. வக்கீல் ஆபீஸில் டைப் அடித்துவிட்டு வருவார், சாப்பிடுவார், டி.வி. பார்ப்பார். எங்கள் வீட்டில் அச்சடித்த காகிதம் என்றால் அது தினசரிக் காலண்டர்தான்.

ஜூன் 5, புதன்

தும்மல். அந்துருண்டை நாற்றம் சாப்பாட்டில் வரைக்கும் வருகிறது. ரசம் வைத்தால் அந்துருண்டை ரசம்.

ஜூன் 10, திங்கள்

இன்றைக்குப் பேராசிரியரின் மகள் பூங்கோதை மேடம் வந்திருந்தார். கண் டாக்டர். இந்தப் பெரிய மனிதர்கள் வந்தால் நமக்கு வேலை கெடும் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். அந்தம்மா என்னடாவென்றால் ஒரு டப்பா நிறைய அதிரசத்தைக் கொடுத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து எங்களோடு தூசி தட்ட ஆரம்பித்துவிட்டார்.

"அப்பா எங்களை இதெல்லாம் தொடவே விட மாட்டாரும்மா. இப்பதான் முதல் தடவையா கையில எடுக்கறேன்" என்றார். பாவமாக இருந்தது.

அவர் போனதும் நானும் ஜெஸிந்தாவும் பட்டியலைத் தொடர்ந்தோம். ஜெஸிந்தா என்னைப் போல இன்னொரு தற்காலிகம். நான் ஒவ்வொரு நூலையும் புரட்டிப் பார்த்து நிலையைச் சொல்லுவேன், அவள் கணினியில் ஏற்றுவாள். முகப்புத் தாள் இல்லை, அட்டை இல்லை, பூச்சி அரிப்பு. பழைய புத்தகத்தில் முகப்புத் தாள் கிழிந்திருப்பது சகஜம். அதை விட்டுவிட்டு மேலே போனேன். அடுத்து ஒன்றில் நாற்பத்து மூன்றாம் பக்கத் தாள் இல்லை. கிழியவில்லை, பிளேடால் நறுக்கி எடுத்தது. சரி, யாரோ எடுத்திருப்பார்கள். இன்னொன்றிலும் அதே நாற்பத்து மூன்று. அப்புறம் இன்னொன்றிலும்.

ஜெஸிந்தாவுக்கு ஒரே சிரிப்பு. "என்னக்கா இது, சாருக்கு நாப்பத்தி மூணாம் நம்பர் ராசியில்ல போல!"

"எழுதுடி. தாள் ஒன்று குறை" என்றேன். என் குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது.

தலைவலி என்று சொல்லிவிட்டுச் சீக்கிரம் கிளம்பிவிட்டேன்.

ஜூன் 11, செவ்வாய்

எழுதித் தொலைக்கிறேன். இல்லையென்றால் மண்டைக்குள்ளேயே சுற்றும்.

எல்லா நூலகத்திலும் முதல் பக்கத்தில் முத்திரை போடுவார்கள். அதைக் கிழித்துவிட்டால்? அதற்காக உள்ளே ஏதாவது ஒரு பக்கத்தை வைத்துக்கொண்டு, எல்லாப் புத்தகத்திலும் அதே பக்கத்தில் இன்னொரு முத்திரை குத்துவார்கள். அது எந்தப் பக்கம் என்று நூலகருக்குத்தான் தெரியும். இரகசியப் பக்கம் என்போம். பெயர்தான் இரகசியம், புத்தகத்தை அடிக்கடி எடுத்துப் படிப்பவன் கண்ணில் படாமலா போகும்?

எங்கள் ஊர் கலாவாணி வாசகர் சபை நூலகத்தில் அது நாற்பத்து மூன்று. எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் வீட்டுக்காரர்தான் அப்போது அங்கே நூலகர். கல்யாணமான புதிதில் சாப்பாடு எடுத்துக்கொண்டு போவேன். இவர் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வருவார், நான் நாற்பத்து மூன்றைப் புரட்டிப் புரட்டிக் கொடுப்பேன், இவர் முத்திரை குத்துவார். எனக்கு இந்த வேலையில் ஆசை வந்ததே அங்கேதான்.

பேராசிரியர் திருவம்பலம் அந்தச் சபைக்குத் தலைவர். வருவார், அலமாரியைத் திறப்பார், பத்துப் பதினைந்தைக் காரில் ஏற்றுவார். பெரிய மனிதர்களிடம் பதிவேட்டில் கையெழுத்துக் கேட்பது அங்கே வழக்கமில்லை. "சார் கேட்டா குடுத்துடணும்" என்பதுதான் சட்டம். ஒரு நாள் இருப்புச் சரிபார்க்க ஆள் வந்தது. அரிய நூல்கள் ஒரு அலமாரி அளவுக்குக் காணோம். சபைக் கூட்டத்தில், தலைவர் வீட்டில் இருக்கிறது என்றார் இவர். தலைவர் அதே கூட்டத்தில் உட்கார்ந்துகொண்டு, "நான் ஒன்றுகூட எடுத்ததில்லையே, கலியமூர்த்தி" என்று சாந்தமாகச் சொன்னார். தமிழ்நாட்டில் புத்தகம் காணாமல் போனால் நூலகர்தான் திருடன். இவரை வெளியே அனுப்பினார்கள். பழைய கடையில் விற்றுத் தின்றுவிட்டான் என்று ஊரே பேசியது. ஊரை விட்டு இங்கே திருச்சிக்கு வந்தோம்.

நான் அப்போது என்ன நினைத்தேன் என்பது இங்கே அவசியமில்லை.

ஜூன் 14, வெள்ளி

கேஸ் தீர்ந்து போச்சு. பதிந்தால் செவ்வாய் வரும் என்கிறான். மின்சார அடுப்பில் சோறு வைத்தால் இவருக்குப் பிடிக்காது, ஆனாலும் வாயைத் திறக்க மாட்டார். சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார். வாயைத் திறந்து நாலு வார்த்தை திட்டினால்கூடத் தேவலை என்றிருக்கிறது சில நாள்.

பட்டியல் வேலையோடு வேலையாக எல்லாவற்றிலும் அந்தப் பக்கத்தைப் பார்க்கிறேன். பேராசிரியர் கடையில் வாங்கிய புத்தகங்களில் நாற்பத்து மூன்று இருக்கிறது. பழைய, அரிய நூல்களில் மட்டும் இல்லை.

இதை வைத்து என்ன செய்ய? இல்லாத தாள் எப்படிச் சாட்சி சொல்லும்? பூச்சி தின்றது என்பார்கள். எனக்கும்கூட, யாருக்குத் தெரியும், இவரே நறுக்கி விற்று, அதைப் பேராசிரியர் காசு கொடுத்து வாங்கியிருந்தால் என்று ஒரு நிமிஷம்... சீ. எழுதியதை அடிக்க மாட்டேன், பேனா மையாவது மிஞ்சும்.

ஜூன் 17, திங்கள்

இடுப்பு வலி. ஜெஸிந்தா ஒரு தைலம் கொடுத்தாள். அதுவும் அந்துருண்டை வாசனைதான்.

ஜூன் 20, வியாழன்

பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன், எழுத்து கோணினால் கோணட்டும்.

கடைசிப் பெட்டியின் அடியில் ஒரு துணிப்பை. உள்ளே சணலால் கட்டிய சின்னச் சின்னப் புத்தகங்கள். சங்கக் கூட்ட உரை, வண்ணப் பாட்டு, தேர்த் திருவிழாப் பதிகம், இந்த மாதிரி. எல்லாம் இருபது முப்பது பக்கம்தான் வரும். முன்னட்டையும் முதல் பக்கமும் ஒன்றிலும் இல்லை. சணலை அவிழ்த்துத் தூரிகையால் தட்டிக்கொண்டே இருந்தேன். திடீரென்று கை நின்றுவிட்டது.

நாற்பத்து மூன்று பக்கமே இல்லாத நூலுக்கு எங்கே முத்திரை குத்துவது? கடைசிப் பக்கத்தில். அதுதான் சபையின் வழக்கம். நான்தானே புரட்டிக் கொடுத்தவள்!

முதல் புத்தகத்தைக் கடைசியிலிருந்து திறந்தேன். ஊதா மையில் முட்டை வடிவ முத்திரை. கலாவாணி வாசகர் சபை. பக்கத்தில் வரவு எண், தேதி, அதற்குக் கீழே 'க.மூ.' என்று இவருடைய சுருக்கொப்பம். அந்த 'மூ'வுக்கு வாலை இழுத்து விடுவாரே, அதே வால். இரண்டாவதிலும் இருந்தது. மூன்றாவதிலும். பேராசிரியர் வழக்கப்படி முன்பக்கத்தைக் கிழித்திருக்கிறார், நாற்பத்து மூன்றைத் தேடியிருக்கிறார், இல்லை என்றதும் நிம்மதியாகக் கட்டிப் பையில் போட்டுவிட்டார்.

இவர் விற்றிருந்தால் இவருக்கா கடைசிப் பக்கம் மறந்திருக்கும்?

கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சந்தோஷத்தில்தான். இப்படி ஒரு சந்தோஷம் எனக்கு எத்தனையோ வருஷமாக வந்ததில்லை. நெஞ்சில் இருந்த பாரம் அப்படியே இறங்கியது. வெளியே ஜெஸிந்தா கதவைத் தட்டுகிறாள். "அக்கா, காலையில என்ன சாப்பிட்டீங்க? வயிறு சரியில்லையா?"

ஜூன் 21, வெள்ளி

ரெங்கராஜு சாரிடம் சொன்னேன். புத்தகத்தையும் காட்டினேன். எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"யாருகிட்டயாவது சொன்னியா?"

"இல்ல சார்."

"அந்த நூலகர் யாரு தெரியுமா உனக்கு?"

"என் வீட்டுக்காரர்தான் சார்."

மனுஷன் தண்ணீர் குடித்தார். அப்புறம் மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். என் பெயர் போட்டு டைப் செய்த நியமன ஆணை. தேதியும் கையெழுத்தும்தான் பாக்கி.

"இந்தத் தொகுப்பு இருக்கறதாலதான்ம்மா இந்தப் பதவியே வந்துச்சு. தொகுப்பு போச்சுன்னா பதவியும் போச்சு. உன்னைப் பொய் சொல்லச் சொல்லல. அந்தத் துணிப்பையை மட்டும் பட்டியல்ல ஏத்தாத. சின்னச் சின்ன நோட்டீஸு மாதிரி இருக்கு, அது இல்லன்னு யாரு அழப் போறா? செத்துப் போனவரு பேரைக் கெடுத்து யாருக்கு என்ன லாபம்? புதன்கிழமை பூங்கோதை மேடம் வர்றாங்க. அன்னைக்குப் பட்டியலை அவங்க முன்னாடி வெச்சுடுவோம். யோசி."

அதட்டியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன். கெஞ்சுகிற மாதிரி சொன்னார். எனக்கும் உட்கார வேண்டும் போலிருந்தது, நிரந்தரமாக ஒரு நாற்காலியில்.

ஜூன் 23, ஞாயிறு

முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார் இவர். நான் மாவு ஆட்டிக்கொண்டிருந்தேன். கிரைண்டரை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். யாருடைய தொகுப்பு என்பதிலிருந்து ஆரம்பித்தேன்.

நறுக்குவதை நிறுத்தவே இல்லை. கடைசிப் பக்கம் என்றதும்தான் தலையைத் தூக்கினார்.

"தேர்த் திருவிழாப் பதிகம் இருந்துச்சா? பச்சை அட்டை போட்டது?"

"அட்டை இல்ல. பதிகம் இருக்கு."

இவர் சிரித்தார். நிஜமாகவே, தோள் குலுங்கச் சிரித்தார். "ஏன் மங்கை, அவ்வளவு பெரிய பண்டிதரு. ஒரு புஸ்தகத்தயாவது கடைசிப் பக்கம் வரைக்கும் படிச்சிருக்கக் கூடாதா?"

நானும் சிரித்தேன். எவ்வளவு நாளாயிற்று நாங்கள் சேர்ந்து சிரித்து! கையில் மாவோடு இவர் தோளைப் பிடித்துக்கொண்டேன். "எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா? பாத்ரூம்ல போய் அழுதேன். பெரிய பாரமே இறங்கின மாதிரி இருந்துச்சுங்க."

"பாரமா?"

"பின்ன?"

"உனக்கு என்ன பாரம்?"

பால் பொங்கிவிட்டது. போய் அடுப்பை அணைத்தேன். துடைத்துவிட்டு வருவதற்குள் இவர் காயை எல்லாம் தட்டில் அள்ளி வைத்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை விஷயத்தைச் சொன்னேன். பையை ஏற்றினால் வேலை போகும் என்பதையும் சொன்னேன். நீங்க என்ன சொல்றீங்க என்று கேட்டேன்.

"வேலைய வாங்கிக்க" என்றார். "நீ அதுக்காகத்தான இவ்வளவு படிச்ச, அலைஞ்ச. எனக்கு இனிமே ஊரு வந்து நல்லவன்னு சொல்லி என்ன ஆகப் போவுது?"

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு என்னவோ போலிருந்தது.

ஜூன் 24, திங்கள்

இவர் பேசவில்லை. எப்போதும் பேசாமல் இருப்பவர்தான், ஆனால் இது வேறு மாதிரி பேசாமல் இருப்பது.

ஜூன் 25, செவ்வாய்

பட்டியல் முடிந்தது. துணிப்பையை ஏற்றாமல் ஒரு தடவை அச்செடுத்தேன். நன்றாகத்தான் இருந்தது, யாரும் குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு நூலுக்கும் 'வந்த வழி' என்று ஒரு கட்டம் உண்டு, அது எங்கள் தொழிலில் முக்கியமான கட்டம். எல்லாவற்றிலும் 'பேராசிரியரின் சொந்தச் சேகரிப்பு' என்று இருந்தது. ஜெஸிந்தா அதைப் பார்த்துவிட்டு, "முடிஞ்சுதுக்கா! ஆர்டர் வாங்கின கையோட பிரியாணி" என்றாள்.

நிரந்தரம் ஆனால் அந்தத் தொகுப்போடுதான் நாள் பூராவும் இருக்க வேண்டும். ஓய்வு பெறுகிற வரைக்கும். யாராவது ஆராய்ச்சி மாணவன் வந்து இந்த நாற்பத்து மூன்றாம் பக்கம் எங்கே மேடம் என்று கேட்பான். பூச்சி தின்றுவிட்டது என்று சொல்ல வேண்டும். தினமும் அதைச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து இவருக்குச் சோறு போட வேண்டும்.

நான் ரொம்பக் களைத்திருக்கிறேன். அந்த அளவுக்கு வேலை பார்க்க என்னால் முடியாது. துணிப்பையை ஏற்றினேன். 'வந்த வழி' கட்டத்தையும் மாற்றினேன். நாற்பத்து மூன்று இல்லாத ஒவ்வொரு நூலுக்கும் 'கலாவாணி வாசகர் சபை' என்று மாற்றினேன்.

ஜெஸிந்தா பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பிரியாணியைப் பற்றி அப்புறம் பேசவே இல்லை.

ஜூன் 26, புதன்

காலையில் பூங்கோதை மேடம் வந்தார். ரெங்கராஜு சார் பட்டியலைத் திறந்தார், இரண்டு பக்கம் போனதும் முகம் கறுத்துவிட்டது. "நான் என்ன சொன்னேன் உங்கிட்ட?" என்றார் பல்லைக் கடித்துக்கொண்டு.

துணிப்பையை மேசையில் வைத்து, புத்தகங்களைக் கடைசிப் பக்கம் திறந்து வரிசையாக அடுக்கினேன். என்ன நடந்தது என்று சொன்னேன். கலியமூர்த்தி என் கணவர் என்பதையும் முதலிலேயே சொல்லிவிட்டேன், பின்னால் தெரிந்தால் அது வேறு மாதிரி ஆகிவிடும்.

பூங்கோதை மேடம் ஊதா முத்திரையைத் தடவிப் பார்த்தார். ஏசுவார் என்று நினைத்தேன்.

"அப்பா பிளேடால தாளை நறுக்கறத நான் பாத்திருக்கேன்" என்றார். "பழுதான பக்கம், மத்ததையும் கெடுத்துடும்னு சொன்னாரு. நான் கண் டாக்டரும்மா. பாத்தேன், பாத்துட்டு நம்பிட்டேன்."

அப்புறம் ரெங்கராஜு சார் பக்கம் திரும்பினார். சபை நூல்கள் சபைக்கே திரும்பப் போகட்டும், தானம் இல்லை, என்ன நடந்தது என்று நானே சபைக்கு எழுதிக் கொடுக்கிறேன் என்றார். என்னிடம், "உங்க வீட்டுக்காரரை நேர்ல பாத்து மன்னிப்புக் கேக்கணும். எப்ப வரலாம்?" என்று கேட்டார். அந்தம்மாவின் கண்ணைப் பார்க்க என்னால் முடியவில்லை.

அவர் போனதும் ரெங்கராஜு சார் என் ஆர்டரை எடுத்து நாலாகக் கிழித்தார். "ஜூலையோட உன் ஒப்பந்தம் முடியுது. அதுக்கப்புறம் நான் கூப்பிட மாட்டேன்" என்றார். அப்புறம், போகப் போன என்னைக் கூப்பிட்டு, "உன் வீட்டுக்காரர் தப்பு பண்ணலங்கறது நிஜம்தான்ம்மா. அத நான் மறுக்க முடியாது" என்றார்.

பஸ் ஏறியதும் தூக்கம் தூக்கமாக வந்தது. வேலை போனதைப் பற்றி நினைக்கக்கூட இல்லை. இவர் முகத்தை எப்படிப் பார்ப்போம் என்றுதான் இருந்தது.

வீட்டுக்கு வந்தபோது இவர் ஆபீஸ் விட்டு வந்து, கொடியில் காய்ந்த துணியை எடுத்து மடித்துக்கொண்டிருந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் கொட்டினேன். வேலை போனதையும் சொன்னேன்.

"ஏன் இப்படிப் பண்ணின? வாங்கிக்கன்னுதான சொன்னேன்" என்றார்.

"போனாப் போகட்டும். எல்லாரும் நம்பிட்டாங்க. ரெங்கராஜு சாரே ஒத்துக்கிட்டாரு. பூங்கோதை மேடம் உங்களப் பாக்க வர்றாங்க."

"முத்திரையப் பாத்துட்டுத்தான?"

"ஆமா. அதப் பாத்தா யாரு மறுக்க முடியும்?"

இவர் சட்டைக் காலரை நீவிவிட்டுக்கொண்டே இருந்தார்.

"அன்னைக்கு எங்கிட்ட முத்திரை இல்ல மங்கை. வெறும் வாய்தான் இருந்துச்சு. கூட்டத்துல சொன்னேன். வீட்டுக்கு வந்து உங்கிட்டயும் சொன்னேன்." நிமிர்ந்து பார்த்தார். "நீ எப்ப நம்பின?"

ஓடிப் போய் அணைக்க அடுப்பில் பால் எதுவும் இல்லை. குக்கரும் வைக்கவில்லை. சொல்வதற்கு ஏதாவது பொய் வரும் என்று பார்த்தேன். ஒன்றும் வரவில்லை.

"போன வியாழக்கிழமை" என்றேன்.

சட்டையை மடித்து முடித்தார். மற்றத் துணிகளின் மேல் வைத்தார்.

"இப்பவாவது சொன்னியே" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். மீதித் துணியை நான் மடித்தேன்.